ஓசோன் குறைந்ததா, கருவி தேய்ந்ததா? செயற்கைக்கோள் தரவைச் சோதித்துப் பார்க்கும் முழு வழிகாட்டி

ஒரு அலுமினியத் தகடு. அதன் முகத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கியிருப்பார்கள். சூரிய ஒளி அதில் விழுந்து நாலாபக்கமும் சிதற, அதில் ஒரு பங்கு கருவிக்குள் போகும். 1978 அக்டோபர் 24 அன்று நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் டாம்ஸ், எஸ்பியுவி என்ற இரண்டு ஓசோன் கருவிகள் இருந்தன. இரண்டுக்கும் பொதுவாக இப்படி ஒரே ஒரு தகடுதான். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க வைத்த அந்தத் தகடே வருடா வருடம் மங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு மங்கியது என்பதைக் குறைத்துக் கணக்கிட்டதால், 1980களின் நடுவில் அந்தத் தரவு உலகம் முழுக்க ஓசோன் உண்மையைவிட வேகமாகக் குறைவதாகக் காட்டியது. ஓசோன் குறைந்தது நிஜம். ஆனால் தரவு சொன்ன வேகத்தில் ஒரு பங்கு தகட்டுடையது. 1988இல் பன்னாட்டு ஓசோன் போக்குகள் குழு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் ஓசோன் தரவைத் தரவிறக்கி, பத்து இருபது ஆண்டுப் போக்குக் கோடு போட நினைக்கும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் இந்த வழிகாட்டி. கோடு போடுவது ஐந்து நிமிட வேலை. அந்தச் சரிவு வானத்துடையதா, கருவியுடையதா என்று தெரிந்துகொள்ளத்தான் நாள் பிடிக்கும்.

படி 1: கருவி எதை அளக்கிறது என்று மனதில் பதியவையுங்கள்

இந்த வகைக் கருவி எதுவும் ஓசோனை நேரடியாக அளப்பதில்லை. பூமியிலிருந்து திரும்பி வரும் புற ஊதா ஒளியை அளக்கிறது. சூரியனிலிருந்து வரும் அதே அலைநீள ஒளியைத் தகட்டின் வழியாக அளக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறது. அவ்வளவுதான். கருவிக்குள் இருக்கும் ஆடி, வடிகட்டி, உணரி எல்லாம் மங்கினாலும் வகுத்தலின் மேலெண்ணும் கீழெண்ணும் ஒரே அளவு குறைவதால் விகிதம் மாறாது. சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் தகடு சூரியப் பாதையில் மட்டும் இருக்கிறது, பூமிப் பாதையில் இல்லை. அது மங்கினால் வகுத்தல் காப்பாற்றாது.

எவ்வளவு பாதிக்கும் என்று ஒரு சின்னக் கணக்கு போடலாம். டாம்ஸ் பயன்படுத்திய அலைநீளங்களில் 317.5 நானோமீட்டரை ஓசோன் நன்றாக உறிஞ்சும். 331 நானோமீட்டரைக் கொஞ்சம்தான் உறிஞ்சும். உறிஞ்சும் கெழுக்கள் ஏறத்தாழ 1, 0.17. வித்தியாசம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். சூரியன் உச்சியில் இருந்தால் ஒளி ஓசோன் படலத்தை இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை கடக்கிறது, ஆக 2. ஓசோன் 300 டாப்சன் அலகு, அதாவது மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரை அழுத்தத்தில் திரட்டினால் 0.3 செ.மீ. தடிமன். மூன்றையும் பெருக்கினால் 0.48. இதன் பொருள்: ஓசோன் 1% மாறினால் இரண்டு அலைநீளங்களுக்கு இடையிலான விகிதம் அரை சதவீதம்கூட மாறாது. திருப்பிப் பார்த்தால், விகிதத்தில் 1% பிழை புகுந்தால் ஓசோனில் 2% பிழை, அதாவது சுமார் 6 டாப்சன் அலகு.

பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதையும் பாருங்கள். தகட்டில் படியும் அழுக்கு குறுகிய அலைநீளத்தைத்தான் அதிகம் விழுங்கும். அப்போது 317.5இல் சூரியன் உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். வகுக்கும் எண் சிறிதானால் விகிதம் பெரிதாகும். குறுகிய அலைநீள ஒளி நிறையத் திரும்பி வருகிறது, அப்படியானால் மேலே ஓசோன் குறைவு என்று கணினி நிரல் முடிவு கட்டும். தகடு மங்க மங்க ஓசோன் தேய்வது போலத் தெரியும். நிம்பஸ்-7இல் நடந்தது இதுதான்.

படி 2: கருவியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுங்கள்

தரவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதிவையுங்கள். ஏவிய நாள், சூரிய அளவீட்டு முறை மாறிய நாள், கோளாறு தொடங்கிய நாள், தரவின் பதிப்பு மாறிய நாள். பின்னால் வரைபடத்தில் ஒரு படிக்கட்டு தெரிந்தால் முதலில் இந்தத் தாளைத்தான் பார்ப்பீர்கள்.

நிம்பஸ்-7 டாம்ஸ் 1993 மே வரை ஓடியது. ரஷ்ய மீட்டியோர்-3 விண்கலத்தில் போன டாம்ஸ் 1991 ஆகஸ்டிலிருந்து 1994 டிசம்பர் வரை. எர்த் புரோப் டாம்ஸ் ஏறியது 1996 ஜூலையில். அதாவது 1995 முழுக்க டாம்ஸ் என்ற பெயரில் வானில் ஒன்றும் இல்லை. இந்த ஒன்றரை வருட இடைவெளியைத் தாளில் குறிக்காமல் நேராகக் கோடு இழுத்தவர்கள் உண்டு. அடுத்து ஓஎம்ஐ, 2004 ஜூலையில் ஆரா விண்கலத்தில் போனது. 2011 அக்டோபரில் சுவோமி என்பிபி விண்கலத்தில் ஓஎம்பிஎஸ். 2017 அக்டோபரில் ஐரோப்பாவின் சென்டினல்-5பி விண்கலத்தில் ட்ரோபோமி.

பதிப்பு எண்ணை மட்டும் மறக்கவே வேண்டாம். நான் ஒருமுறை இரண்டு பதிப்புக் கோப்புகளை ஒரே அடைவில் போட்டுவிட்டு, நடுவில் வந்த குதிப்புக்கு இரண்டு நாள் எரிமலைக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

படி 3: சூரிய அளவீட்டை முதலில் சுத்தம் செய்யுங்கள்

தகட்டின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சூரிய அளவீடுகளைக் கால வரிசையில் வரைய வேண்டும். அப்படியே வரைந்தால் பெரிய அலை ஒன்று தெரியும். ஜனவரியில் பூமி சூரியனுக்குப் பக்கம், ஜூலையில் தூரம். இதனால் மட்டுமே ஒளி வருடத்துக்குள் சுமார் 7% ஏறி இறங்கும். முதலில் அந்தத் தூரத் திருத்தம். அப்புறம் கோணத் திருத்தம்: தகட்டில் வெயில் விழும் கோணம் பருவத்துக்குப் பருவம் மாறும், கோணத்துக்கேற்பச் சிதறலும் மாறும். ஏவுவதற்கு முன் ஆய்வகத்தில் அளந்த கோண அட்டவணை கருவியோடு வரும். அது முழுக்கச் சரியாக இருக்காது. திருத்திய பின்னும் வருடாந்திர அலை மிச்சமிருந்தால் அட்டவணையைச் சந்தேகியுங்கள், சூரியனை அல்ல.

படி 4: இரண்டு தகடுகளை ஒப்பிடுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தகடு ஏன் மங்குகிறது? விண்கலத்தில் பசை, வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக் எல்லாம் இருக்கின்றன. வெற்றிடத்தில் அவற்றிலிருந்து ஆவி கசிந்து தகட்டில் மெல்லிய படலமாகப் படிகிறது. புற ஊதாக் கதிர் அதைச் சுட்டு, ஒட்டவைத்துவிடுகிறது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு எரிந்த நேரம் எவ்வளவோ அவ்வளவு பிசுக்கு. இங்கே அடுப்பு வெயில். ஆகவே நாட்காட்டியில் எத்தனை வருடம் போயிற்று என்பதைவிட, தகடு எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றது என்பதே கணக்கு.

இதிலிருந்து பிறந்த யோசனைதான் இரண்டாவது தகடு. ஒன்றை அடிக்கடி காட்டுவது, இன்னொன்றை மூடியே வைத்து எப்போதாவது காட்டுவது. மீட்டியோர்-3 டாம்ஸில் மூன்று தகடுகள். ஓஎம்பிஎஸ் கருவியில் வேலைத் தகடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயில் காணும். ஆதாரத் தகடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஓஎம்ஐயில் குவார்ட்சால் ஆன ஒன்று தினமும், அலுமினியத் தகடு ஒன்று வாரத்துக்கு ஒருமுறை, மற்றொன்று மாதத்துக்கு ஒருமுறை.

கணக்குக்காக எண்களை நானே போடுகிறேன். வேலைத் தகடு இதுவரை 100 மணி நேரம் வெயிலில் நின்றது. ஆதாரத் தகடு 5 மணி நேரம். தொடக்கத்தில் இரண்டும் ஒரே விடை தந்தன. இப்போது வேலைத் தகடு ஆதாரத் தகட்டைவிட 2% குறைவாகக் காட்டுகிறது. 95 மணி நேர வித்தியாசம் 2% என்றால் ஒரு மணி நேரத்துக்கு 0.021%. ஆதாரத் தகடும் முழுப் புதிதல்ல, அது 0.1% இழந்திருக்கும். ஆக வேலைத் தகட்டின் மொத்த இழப்பு 2.1%. இந்தக் கணக்கை ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். குறுகிய அலைநீளத்தில் இழப்பு அதிகமாக வர வேண்டும். எல்லா அலைநீளத்திலும் ஒரே இழப்பு வந்தால் அது பிசுக்கு அல்ல; கோணமோ நிழலோ வேறு ஏதோ நடந்திருக்கிறது.

தகட்டு இழப்பைக் கழித்த பின்னும் சூரிய அளவீடு சரிந்துகொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அது கருவியின் உட்புற மங்கல். பூமிப் பாதையிலும் அதே மங்கல் இருப்பதால் வகுக்கும்போது போய்விடும்.

ஒரே தகடு உள்ள கருவி என்றால்? அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் செயற்கைக்கோள்களில் போன எஸ்பியுவி/2 கருவிகளில் ஒரு பாதரச விளக்கு வைத்தார்கள். அதன் ஒளியை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தகட்டின் வழியாகவும் பார்த்தால் தகட்டின் பிரதிபலிப்பு எவ்வளவு மாறியது என்று தெரியும். இதற்கு மேல் இன்னொரு வழியும் செய்தார்கள். அதே வகைக் கருவி ஒன்றை 1989க்கும் 1996க்கும் இடையில் எட்டு முறை விண்வெளி ஓடத்தில் ஏற்றி இறக்கினார்கள். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ஆய்வகத்தில் அளந்துகொண்டார்கள். மேலே நிரந்தரமாகச் சுற்றும் கருவி பார்த்த அதே இடத்தை இதுவும் பார்க்கும். செலவைப் பார்த்தால் இப்போது யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

படி 5: அலைநீளமும் உணரியும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் தயாரிப்புக் குழுவே இதைப் பெரும்பாலும் செய்து தந்துவிடும். 317 நானோமீட்டர் பக்கத்தில் ஓசோனின் உறிஞ்சுதல் செங்குத்தாகச் சரிகிறது. அலைநீளம் 0.1 நானோமீட்டர் பிசகினாலே ஓசோன் விடை ஒரு சதவீதத்துக்கு மேல் நகரும். சூரிய நிறமாலையில் உள்ள ஃபிரான்ஹோஃபர் கருங்கோடுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து இந்த நகர்வைப் பிடிக்கலாம். சிசிடி உணரி உள்ள புதிய கருவிகளில் கதிர்வீச்சு அடித்து சில பிக்சல்கள் இருட்டிலும் ஒளியைக் காட்டும். இரவுப் பக்கத்தில் எடுத்த இருள் அளவீடு புதிதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: பூமியையே அளவுகோலாக்குங்கள்

சூரியப் பாதை சரியாகிவிட்டது. பூமிப் பாதையில் தனியாக ஏதாவது கெட்டால்? அதைத் தகடு சொல்லாது.

இதற்கு நல்ல பாடம் ஓஎம்ஐ. 2007 ஜூனில் அதன் பார்வைப் பட்டையின் குறுக்கே உள்ள 60 வரிசைகளில் இரண்டில் மட்டும் பூமி அளவீடு திடீரென்று மாறியது. சூரிய அளவீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. 2008 மேயில் இன்னும் சில வரிசைகள். 2009 ஜனவரியில் நடுப்பகுதி வரை பரவியது. கருவிக்கு வெளியே ஏதோ ஒன்று, பெரும்பாலும் கழன்று தொங்கும் வெப்பக் காப்புத் துணி, பார்வையை மறைக்கிறது என்பதுதான் விளக்கம். சூரிய ஒளி வேறு துளை வழியாக வருவதால் அந்தப் பக்கம் மறைப்பே இல்லை. இந்த வரிசைகளைத் தரவிலுள்ள கொடியை, அதாவது சந்தேகத்துக்குரியது என்ற குறியீட்டைப் பார்த்து நீக்கிவிட வேண்டும். நீக்காமல் சராசரி எடுத்தால், 2009இல் உலக ஓசோனுக்கு என்னவோ ஆனது போலத் தோன்றும்.

இப்படிப்பட்டதைப் பிடிக்க மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, அண்டார்டிகாவின் உயரமான பனிப் பீடபூமி. 360, 380 நானோமீட்டர் ஒளியை ஓசோன் தொடுவதில்லை. கோடைக்காலத்தில், ஒரே சூரியக் கோணத்தில், அந்தப் பனியின் பிரதிபலிப்பு வருடத்துக்கு வருடம் ஏறத்தாழ மாறாது. அது மாறுவது போலத் தெரிந்தால் மாறியது உங்கள் கருவி.

இரண்டாவது, அலைநீள ஜோடிகள். 312.5/331 ஜோடியில் ஓசோன் கணக்கிடுங்கள், 317.5/331 ஜோடியிலும் கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே வானம். ஒரே விடை வர வேண்டும். வருடம் போகப் போக இரண்டு விடைகளும் பிரிந்தால், அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும் தகட்டுப் பிழை எவ்வளவு இருந்தால் அந்தப் பிரிவு வரும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். நிம்பஸ்-7 தகட்டுப் பிழையை வெளித் தரவின் உதவியில்லாமல் திருத்தியது இந்த வழியில்தான். எனக்குப் பிடித்த சோதனை இது, ஏனெனில் யாரிடமும் கையேந்த வேண்டாம்.

மூன்றாவது, பார்வைக் கோணம். வெப்பமண்டலப் பசிபிக்கின் மேல் ஒரு மாதத் தரவை எடுத்து, ஓசோனைப் பார்வைக் கோணத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும். கருவி இடப்பக்கம் பார்க்கிறதா வலப்பக்கம் பார்க்கிறதா என்பது வானத்துக்குத் தெரியாது. எர்த் புரோப் டாம்ஸில் 2000 வாக்கில் இந்தக் கோடு சாயத் தொடங்கியது. சுழலும் ஆடி சீரில்லாமல் மங்கியிருந்தது. 2002க்குப் பிந்தைய அந்தத் தரவைப் போக்குக் கணிப்புக்கு எடுக்க வேண்டாம் என்று நாசாவே சொல்லியிருக்கிறது.

படி 7: தரைக் கருவியோடு ஒப்பிடுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

தரையிலிருந்து ஓசோனை அளக்க டாப்சன், ப்ரூவர் என்ற கருவிகள் இருக்கின்றன. உலகின் டாப்சன் கருவிகளுக்கெல்லாம் மூலம் 83ஆம் எண் கருவி. அதை ஹவாயின் மௌனா லோவா மலைக்குக் கொண்டுபோய், சூரியன் ஏற ஏற அளந்து, வளிமண்டலமே இல்லாவிட்டால் என்ன அளவு வரும் என்று கணித்துத் திருத்துவார்கள். மற்ற கருவிகளை அதனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு நிலையத்தின் தரவை எடுக்கும்போது அந்த ஒப்பீடு எந்த ஆண்டுகளில் நடந்தது என்று பாருங்கள். அந்த ஆண்டுகளில் நிலையத் தரவே குதிக்கும்.

நம் ஊருக்கு அருகில் கொடைக்கானலில் டாப்சன் அளவீடுகள் 1957 வாக்கிலிருந்து நடந்தவை. இந்திய ஓசோன் ஆய்வுக்கு அடித்தளமிட்டவர், பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன். கொடைக்கானல் தரவைச் செயற்கைக்கோளோடு ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. நிலையம் 2,300 மீட்டருக்கு மேலே. செயற்கைக்கோளின் பிக்சலோ மலையையும் அடிவாரச் சமவெளியையும் சேர்த்துப் பார்க்கும். அந்த உயரத்துக்குக் கீழே வளிமண்டலத்தின் கால்வாசிக் காற்று இருக்கிறது. அதில் ஓசோன் பத்துக் கோடியில் 3 பங்கு என்று வைத்தால் 5, 6 டாப்சன் அலகு வரும். ஆக, செயற்கைக்கோள் 2% அளவுக்கு அதிகம் காட்டினால் அது பிழை அல்ல, மலை. அந்த வித்தியாசம் வருடா வருடம் வளர்கிறதா என்பதே நம் கேள்வி. வித்தியாசம் இருப்பது பிரச்சினையில்லை, நகர்வதுதான் பிரச்சினை.

தரையும் தவறும். 1983 அக்டோபரில் டாம்ஸ், அண்டார்டிகாவின் மேல் 180 டாப்சன் அலகுக்குக் கீழே காட்டியது. அவ்வளவு குறைவு சாத்தியமில்லை என்று நிரல் அவற்றுக்குக் கொடி போட்டது. நாசாவின் பவன் பார்தியாவும் குழுவினரும் அதைப் பார்த்துவிட்டு, தென்துருவ நிலையத்தின் டாப்சன் தரவோடு ஒப்பிட்டார்கள். அங்கே 300 வாக்கில் இருந்தது. கருவிக் கோளாறோ என்ற தயக்கம் வந்தது. பிறகு தெரிந்தது, தவறு தரைத் தரவில். அலைநீளங்களைத் தவறாக எடுத்திருந்தார்கள். இதற்குள் 1985 மேயில் அண்டார்டிகாவின் ஹாலே நிலையத்தின் பழைய டாப்சன் தரவை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் துளையை அறிவித்துவிட்டார்கள். செயற்கைக்கோள் தரவை நிரல் தூக்கி எறிந்துவிட்டது என்ற கதை இன்னும் சுற்றுகிறது. எறியவில்லை, கொடி போட்டு வைத்திருந்தது, மனிதர்கள் பார்க்கவும் செய்தார்கள்.

ஆகவே ஒரே நிலையத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்து இருபது நிலையங்களின் வித்தியாசத்தை எடுத்து, சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: தரையோடு பொருந்துவதற்காகச் செயற்கைக்கோள் தரவை இழுத்து ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால், பிறகு தரையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன் என்று சொல்ல வாயில்லை.

படி 8: பல கருவிகளைச் சேர்த்துத் தைப்பது

நீண்ட வரிசை வேண்டுமென்றால் தைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு கருவிகளும் சேர்ந்து ஓடிய காலம் குறைந்தது ஒரு முழு வருடமாவது இருக்கட்டும். கோடையில் மட்டும் ஒப்பிட்டால் குளிர்காலச் சூரியக் கோணத்தில் வரும் பிழை தெரியாது. டாம்ஸ் இல்லாத 1995 போன்ற காலத்துக்கு நோவாவின் எஸ்பியுவி/2 வரிசைதான் பாலம்.

அந்த நோவா விண்கலங்களில் ஒரு தொல்லை. சுற்றுப்பாதை மெல்ல நகர்ந்து, மதியம் கடந்த விண்கலம் சில ஆண்டுகளில் சாயங்காலம் கடக்கும். சூரியக் கோணம் தாழும். கோணத்தைப் பொறுத்த சிறு பிழை ஏதாவது இருந்தால், அது காலத்தோடு வளரும் போக்காக வேடம் போட்டுக்கொண்டு வரும். சேர்ப்பதற்கு முன், ஒவ்வொரு கருவியின் வித்தியாசத்தையும் சூரியக் கோணத்துக்கு எதிராக ஒருமுறை வரைந்து பாருங்கள்.

படி 9: இப்போது கோடு போடுங்கள்

போக்குச் சமன்பாட்டில் 11 ஆண்டுச் சூரியச் சுழற்சி, சுமார் 28 மாதச் சுழற்சியில் திசை மாறும் வெப்பமண்டல அடுக்குமண்டலக் காற்று, 1991 ஜூன் பினடுபோ எரிமலைத் தூசு மூன்றையும் சேர்க்காமல் விடாதீர்கள். நிம்பஸ்-7 டாம்ஸின் கடைசி இரண்டு ஆண்டுகள் பினடுபோவில் சிக்கியவை. தேய்மானத்தையும் தூசியையும் அங்கே பிரிப்பது கஷ்டம்.

கோட்டின் பிழைப்பட்டையில் புள்ளிகளின் சிதறலை மட்டும் போடுவது வழக்கம். அது போதாது. கருவி நகர்வுக்கான எல்லையைத் தனியாகச் சேருங்கள். நன்றாகப் பராமரித்த கருவிக்குப் பத்தாண்டில் 1% நகர்வு என்பது நல்ல மதிப்பெண். ஆனால் துருவங்களை விட்டு, வட, தென் 60 பாகைக்கு இடையில், 1996க்குப் பிறகு மொத்த ஓசோன் மீண்டு வரும் வேகம் பத்தாண்டுக்கு 0.3% அளவில்தான் என்று 2022இன் உலக ஓசோன் மதிப்பீடு சொல்கிறது. உங்கள் கையில் ஒரே கருவியின் பத்தாண்டுத் தரவு இருந்து, அதில் 0.3% ஏற்றம் வந்தால், வரைபடத்தின் தலைப்பில் மீட்சி என்று எழுதாதீர்கள். எண்ணை எழுதுங்கள், பக்கத்தில் நகர்வு எல்லையை எழுதுங்கள், தரவின் பதிப்பு எண்ணையும் தரவிறக்கிய தேதியையும் கீழ்மூலையில் போடுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.